இன்றிரவு என்ன பாடினார்?

ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரத்துக்கும் பாடகர் பாப் டிலனுக்கும் பிறந்த ஊர், வளர்ந்த ஊர் என்கிற சொந்தம் எதுவும் கிடையாது. அவர் பிறந்தது வடக்கே மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் துறைமுகத்தில், 1941-ல். வளர்ந்தது அதே மாநிலத்து இரும்புச் சுரங்க ஊரான ஹிப்பிங்கில். பேர் வாங்கியது நியூயார்க்கில். இருந்தும் அவருடைய கையெழுத்துத் தாள்கள், குறிப்பேடுகள், ஒலிநாடாக்கள், படச்சுருள்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் துல்சாவில்தான் இருக்கின்றன. உள்ளூர் எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜார்ஜ் கைசரின் அறக்கட்டளை 2016-ல் அத்தனையையும் மொத்தமாக வாங்கியது. 2022 மே மாதம் அதற்கென்றே பாப் டிலன் மையத்தைத் திறந்தார்கள்.

ஏன் துல்சா என்றால், பக்கத்துக் கட்டடத்தைக் காட்டுகிறார்கள். வுடி கத்ரி மையம் 2013 முதல் அங்கே இருக்கிறது. ஓக்லஹோமாக்காரரான கத்ரி, புழுதிப் புயலில் ஊரைவிட்டுக் கிளம்பிய ஏழை விவசாயிகளைப் பாடிய நாட்டுப்பாடகர். 1961 ஜனவரியில் பத்தொன்பது வயது டிலன் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது, நியூஜெர்ஸி ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்பு நோயோடு கிடந்த அவரைத்தான் தேடிப் போனார். குருவின் காகிதங்கள் இருக்கிற தெருவிலேயே சீடனின் காகிதங்களும் வந்து சேர்ந்துவிட்டன.

நான் அங்கே போனது 2023 செப்டம்பர் கடைசியில். டிலனின் அடுத்த சுற்றுக் கச்சேரிகள் அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை கன்சாஸ் சிட்டியில் தொடங்குவதாக அறிவித்திருந்தார்கள். பிறகு செயின்ட் லூயிஸ், சிகாகோ, இண்டியானாபொலிஸ், கனடாவின் டொரான்டோ, மாண்ட்ரியல் என்று பட்டியல் நீண்டது. கன்சாஸ் சிட்டிக்குத் துல்சாவிலிருந்து சுமார் நானூறு கிலோமீட்டர். அதனால் கச்சேரிக்குக் கிளம்பியவர்களில் சிலர், கோயிலுக்குப் போகும் வழியில் குளத்தில் கால் நனைப்பதுபோல, துல்சாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மனிதர் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போக, அவர் பின்னாலேயே இன்னொரு கூட்டம், ‘நேற்று என்ன பாடினார், இன்று என்ன பாடினார்’ என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. அறுபது வருடமாக இது நடக்கிறது. அந்த வேலையை யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை, கூலியும் இல்லை.

மையத்தின் வாசலில் பதினாறு அடி உயரத்துக்கு ஓர் இரும்பு வேலைப்பாடு நிற்கிறது. பழைய சக்கரம், பற்சக்கரம், குறடு போன்ற சாமான்களைப் பற்றவைத்து டிலனே செய்தது. உள்ளே முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய துருக்கி மேளம், சுற்றிலும் சலங்கையோடு. புரூஸ் லாங்ஹார்ன் என்ற கிட்டார் கலைஞர் அதை ஒலிப்பதிவுக்குத் தூக்கிக்கொண்டு வருவாராம். ‘மிஸ்டர் டாம்பரீன் மேன்’ பாட்டுக்கு அதுதான் விதை. 1975-ல் வெளியான ‘பிளட் ஆன் தி டிராக்ஸ்’ தொகுப்பின் பாடல்கள் எழுதப்பட்ட கையடக்கக் குறிப்பேடு ஒன்றும் இருக்கிறது. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கண்ணாடிக்கு மேல் குனிந்தாலும் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

என் பக்கத்தில் குனிந்திருந்தவர் ஒஹையோவிலிருந்து வந்தவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். குறிப்பேட்டைவிட அவருக்கு ஒலிநாடாக்கள் இருக்கும் பகுதிதான் முக்கியமாக இருந்தது. “டிலன் எதையும் எடுத்து வைக்கிற ஆள் கிடையாது. நேற்றுப் பாடின பாட்டை இன்று வேறு மெட்டில் பாடுவார், நாளைக்குத் தூக்கியே போட்டுவிடுவார். எடுத்து வைத்தவர்கள் நாங்கள்தான்” என்றார். அலட்டல் மாதிரித்தான் பட்டது. ஆனால் வரலாறு அவர் பக்கம்தான் இருக்கிறது.

1961 டிசம்பரில், முதல் இசைத்தட்டு வெளிவருவதற்கு முன்பே, மினியாபொலிஸில் ஒரு சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து டிலன் பாடியதை நண்பர் ஒருவர் நாடாவில் பிடித்தார். அதிலிருந்து சில பாடல்களும், டிலன் வெளியிடாமல் வைத்திருந்த வேறு சிலவும் சேர்ந்து 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு திருட்டு இசைத்தட்டாக வந்தன. மேலட்டையில் பெயர்கூட அச்சடிக்காத வெறும் வெள்ளை அட்டை. அதனால் ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்று பெயர் பெற்றது. ராக் இசை உலகத்தின் முதல் பெரிய திருட்டுத் தட்டு அது. டிலனின் இசைத்தட்டுக் கம்பெனி கோபப்பட்டது. இருபத்திரண்டு வருடம் கழித்து, 1991-ல், அதே கம்பெனி ‘திருட்டுத் தட்டு வரிசை’ என்றே பெயர் வைத்துப் பழைய பதிவுகளை வெளியிட ஆரம்பித்தது. அந்த வரிசை இன்னும் முடியவில்லை.

தட்டு அச்சடித்து விற்றவர்கள் ஒரு ரகம். என் தபால்காரரின் கூட்டம் வேறு. அவர்கள் விற்பதில்லை. விற்றவனோடு பேச்சுவார்த்தையே கிடையாது. உனக்கு ஒரு கச்சேரியின் பதிவு வேண்டுமென்றால் வெற்று நாடாவும் திரும்பி வரத் தபால் தலையும் அனுப்பினால் போதும், பதிவு செய்து அனுப்புவார்கள். ஐந்து பேருக்கு நீ அனுப்பு, அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பட்டும் என்று கிளை பிரிக்கும் முறையும் இருந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கூடும் என்பதால், தான் வைத்திருப்பது எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதை நாடாவின் உறையிலேயே எழுதி வைப்பார்கள். முதல் தலைமுறைப் பிரதி வைத்திருந்தவனுக்குக் கூட்டத்தில் ஒரு கெத்து. “எண்பதுகளில் என் பையில் தினமும் நாலைந்து நாடா உறை இருக்கும். கையால் தொட்டாலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்து, அவரை நண்பராக்கிக்கொள்வேன்” என்றார் தபால்காரர். தபால் துறை விதிகளுக்கு இது உட்பட்டதுதானா என்று நான் கேட்கவில்லை.

செய்தி வேறு தடத்தில் ஓடியது. இங்கிலாந்தில் ஜான் பால்டி என்பவர் 1981-ல் ‘தி டெலிகிராஃப்’ என்ற பெயரில் டிலனுக்காக மட்டுமே ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்த ஊரில் என்ன பாடினார், எந்த வரியை மாற்றினார், யார் கிட்டார் வாசித்தார் என்பதெல்லாம் அதில் வரும். தீவிரமான கட்டுரைகளும் வரும். டிலனை ஆராய்கிற பேராசிரியர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். பால்டி 1996 அக்டோபரில் ஒரு கால்பந்தாட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். மையத்தின் வாசலில் எங்களோடு சேர்ந்துகொண்ட ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, பள்ளி ஆசிரியையாக இருந்தவர், அந்தப் பத்திரிகையின் இதழ்கள் அத்தனையும் தன் வீட்டுப் பரணில் இருப்பதாகச் சொன்னார். அவசரச் செய்திக்குத் தொலைபேசிதான். கச்சேரி முடிந்ததும் அரங்குக்கு எதிரே உள்ள பொதுத் தொலைபேசியில் சில்லறையைப் போட்டு ஒருவரைக் கூப்பிட்டுப் பாட்டு வரிசையைச் சொன்னால், அவர் இன்னும் நாலு பேரைக் கூப்பிடுவார். விடிவதற்குள் கடல் தாண்டிப் போய்விடும்.

ஆசிரியைக்கு மான்செஸ்டர் பக்கம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் டிலன் ரசிகர்களுக்கு ஒரே ஒரு ராத்திரிதான் ஞாபகம் வரும். 1966 மே 17, ஃப்ரீ டிரேட் ஹால். நாட்டுப்பாட்டைக் கைவிட்டு மின்கிட்டாரைத் தூக்கிவிட்டான் என்ற ஆத்திரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்று கத்தினார். அந்தக் கத்தலோடு கூடிய பதிவு எழுபதுகளிலேயே கைமாறிக்கொண்டிருந்தது. ஆனால் உறையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தவறாக இருந்தது. எந்த ஊர் என்பதைப் பல வருடம் சண்டை போட்டுத் தீர்த்து வைத்தவர்கள் ரசிகர்கள்தான். 1998-ல் கம்பெனி அதை முறையாக வெளியிட்டபோது, பழகிப்போன தப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே வைத்துக்கொண்டது. “எங்கள் ஊர் மானத்தைக் காப்பாற்ற எங்களுக்கு முப்பது வருடம் பிடித்தது. அப்புறமும் அட்டையில் லண்டன்தான்” என்றார் ஆசிரியை. இன்னும் கோபம் தீரவில்லை அவருக்கு.

இந்தத் திருட்டுப் பதிவுகள் சட்டத்தையும் ஒரு கை பார்த்திருக்கின்றன. பதிவான ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடாத ஒலிப்பதிவுக்கு ஐரோப்பாவில் உரிமை போய்விடும் என்ற நிலை வந்தபோது, 2012 டிசம்பரில் டிலனின் கம்பெனி 1962-ஆம் ஆண்டுப் பதிவுகளைச் சுமார் நூறு பிரதி மட்டும் போட்டு ஐரோப்பியக் கடைகளுக்கு அனுப்பியது. விற்க வேண்டும் என்கிற எண்ணம் துளியும் இல்லை, வெளியிட்டோம் என்று காட்டினால் போதும். 2016-ல் 1966-ஆம் வருடத்துக் கச்சேரிகளில் கிடைத்த பதிவுகளையெல்லாம் திரட்டி 36 குறுந்தட்டுகளாகக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ரசிகர்கள் கூட்டத்துக்குள் உட்கார்ந்து பிடித்த கரகரப்பான நாடாக்களும் உண்டு. பிடித்தவனைத் தேடி அலைந்த கம்பெனியே கடைசியில் அவன் பிடித்ததை அட்டைப்பெட்டியில் போட்டு விற்றது.

கன்சாஸ் சிட்டி கிளம்புவதற்கு முன் ஒக்கீமாவுக்கு ஒரு நடை போய்வந்தேன். கத்ரி 1912-ல் பிறந்த ஊர், துல்சாவிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். மூன்று தண்ணீர்த் தொட்டிகள் நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகின்றன. ஒன்றில் ‘சூடு’, ஒன்றில் ‘குளிர்’, மூன்றாவதில் ‘வுடி கத்ரியின் ஊர்’ என்று எழுதியிருக்கிறார்கள். கம்யூனிஸ்ட் என்று நெடுங்காலம் அவரை ஒதுக்கி வைத்திருந்த ஊர் இது. 1998-லிருந்து ஜூலை மாதம் அவர் பிறந்த நாளை ஒட்டித் திருவிழாவே நடத்துகிறார்கள். நான் போன அன்று கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. அவருடைய சிலையைப் பார்த்துவிட்டு ஒரு காபி குடித்தேன். சொல்லிக்கொள்ளும்படி வேறெதுவும் நடக்கவில்லை.

கன்சாஸ் சிட்டியில் என் அக்கா மகன் இருக்கிறான். கன்சாஸ் சிட்டி என்று பேர்தானே ஒழிய, ஊரின் பெரும்பகுதி மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. இவன் வீடு மட்டும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், உண்மையான கன்சாஸில். இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். “மாமா, எண்பத்திரண்டு வயசு ஆளைப் பார்க்க இவ்வளவு காசா? ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரிக்கே நான் யோசிச்சேன்” என்றான். அரங்கம் மிட்லண்ட் தியேட்டர், 1927-ல் கட்டிய பழைய சினிமா மாளிகை. தங்கப் பூச்சும் தொங்குவிளக்குமாக உள்ளே ராஜ தர்பார் தோற்றுவிடும்.

வாசலில் கைப்பேசியை வாங்கி, ஒரு சாம்பல் நிறத் துணிப்பையில் போட்டுப் பூட்டி, பையை நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். காந்தப் பூட்டு. வெளியே வரும்போது ஒரு வட்டத் தகட்டில் தட்டினால்தான் திறக்கும். படம் பிடிக்க முடியாது, பதிவு செய்ய முடியாது, ‘இப்போது இந்தப் பாட்டு’ என்று யாருக்கும் செய்தி அனுப்ப முடியாது. 2021 நவம்பரில் மில்வாக்கியில் தொடங்கிய இந்தச் சுற்றுப்பயணத்தில் இதுதான் ஏற்பாடு. அக்கா மகன் துணிப்பையைக் கையில் வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தபால்காரரும் ஆசிரியையும் எங்களுக்கு முன்னால் சில வரிசைகள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை கைப்பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டையும் கட்டைப் பென்சிலையும் எடுத்ததைப் பார்த்ததும் எனக்கு மார்கழி ஞாபகம் வந்துவிட்டது. சபாவில் முதல் வரிசை மாமாக்கள் மடியில் டைரியை வைத்துக்கொண்டு ராகம், தாளம், கிருதி என்று குறித்துக்கொண்டே வருவார்கள். இடைவேளையில் கேன்டீனில் அடையைப் பிய்த்துக்கொண்டே, வேறு சபாவிலிருந்து வருகிறவரிடம் “அங்கே மெயின் என்ன?” என்பார்கள். இங்கேயும் அதே கேள்விதான், அடை மட்டும் இல்லை.

விளக்கு அணைந்தது. மேடையில் மங்கலான மஞ்சள் வெளிச்சம். பியானோவுக்குப் பின்னால் டிலனின் தலையும் தோளும் மட்டும் தெரிகின்றன. வணக்கம் கிடையாது, வரவேற்பு கிடையாது. வலப்பக்கமும் இடப்பக்கமும் கிட்டார்கள். டோனி கார்னியர் பாஸ் வாசிக்கிறார். 1989-லிருந்து டிலனோடு இருப்பவர் அவர், இந்தக் குழுவில் அத்தனை காலம் நீடித்தவர் வேறு யாரும் இல்லை. குரல் கரகரப்பும் முணுமுணுப்புமாக வந்தது. திடீரென்று ஒரு வரி மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக எழும். “மாமா, ஒரு வார்த்தையும் புரியலையே” என்று அக்கா மகன் காதோரம் சொன்னான். முன்னால் இருந்தவர் திரும்பி, சிரித்துக்கொண்டே தோளைக் குலுக்கினார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வழியில்லை. புகார் மட்டும் புரிந்துவிட்டது.

இந்தப் பயணம் தொடங்கியதிலிருந்து பாட்டு வரிசை ஏறக்குறைய ஒன்றேதான். பதினேழு பாட்டு, அதில் பாதிக்கு மேல் 2020-ல் வெளியான தொகுப்பிலிருந்து. தொண்ணூறுகளில் டிலன் ஒவ்வொரு ராத்திரியும் பட்டியலைக் கலைத்துப்போட்டவர். 1988 ஜூன் 7-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் கன்கார்டில் ஆரம்பித்து ஆண்டுக்கு நூறு கச்சேரி அளவில் ஓடிய அந்த நெடும்பயணத்துக்கு ‘முடிவில்லாப் பயணம்’ என்றே பேர் நிலைத்துவிட்டது. அது 1991-லேயே முடிந்துவிட்டது என்று டிலன் ஒரு தட்டின் குறிப்பில் எழுதியும் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் செய்திக்குப் பஞ்சமே இல்லை. பட்டியல் உறைந்துபோன பிறகு செய்தி சொல்கிறவர்களுக்குத்தான் வேலை குறைந்தது. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் சொன்னார்கள். இந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன் பியானோ கொஞ்சம் நீண்டது, அந்தப் பாட்டில் ஹார்மோனிகா வந்தது என்று. வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஒரே கோலத்தைத் தினமும் போடுகிற கையில் இன்றைக்குப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்.

கன்சாஸ் சிட்டி அந்த வறட்சியைத் தீர்த்தது. நடுவில் ஒரு பழைய மெட்டு எழுந்தது. தெரிந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ‘கன்சாஸ் சிட்டி’ என்ற பாட்டு. ஜெர்ரி லைபரும் மைக் ஸ்டோலரும் 1952-ல் எழுதியது, 1959-ல் வில்பர்ட் ஹாரிசன் குரலில் நாடெங்கும் முதலிடம் பிடித்தது. லிட்டில் ரிச்சர்டும் பாடியிருக்கிறார். ஹிப்பிங் பள்ளியின் 1959 ஆண்டு மலரில், எதிர்காலத்தில் லிட்டில் ரிச்சர்டோடு சேர்வதே லட்சியம் என்று டிலன் பெயருக்குக் கீழே அச்சாகியிருக்கிறது. மேடையிலிருந்தவர் எதையும் விளக்கவில்லை. ஊருக்கு வந்தார், ஊர்ப் பாட்டைப் பாடினார், அடுத்ததுக்குப் போய்விட்டார்.

முடிந்ததும் கூட்டம் வாசலுக்கு நெருக்கியது. பூட்டுத் திறக்க வரிசை. அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு அன்றைய கச்சேரியிலேயே பிடித்த பகுதி. கையில் திறக்காத கைப்பேசியோடு நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். அதனால் வாயைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஐந்தாவது பாட்டு எது, அந்தப் பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, வயலின் யார் எடுத்தது, எந்த வார்த்தையை மாற்றினார் என்று. ஆசிரியை தன் குறிப்பேட்டைப் பிரித்து நின்றார், நாலைந்து பேர் அதைச் சரிபார்த்தார்கள். ஒருவர் சத்தமாக, “மோசம், எதுவுமே கேட்கவில்லை, அடுத்த முறை வரமாட்டேன்” என்றார். செயின்ட் லூயிஸ் டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

பதிவு செய்ய முடியாததால் செய்தி நன்றாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. படம் கையில் இருந்திருந்தால் ஒருவனும் விவரித்திருக்க மாட்டான், ‘இதோ பார்’ என்று நீட்டியிருப்பான். தபால்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. “நாடா இல்லாத கச்சேரி எனக்குப் பாதிக் கச்சேரி. நாங்கள் சாகும்போது குறிப்பேடும் குப்பைக்குப் போகும்” என்றார். அதுவும் சரிதான். 1966 மான்செஸ்டரை அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி யார் தீர்த்திருக்க முடியும்?

செயின்ட் லூயிஸுக்கு நானும் அவர்கள் காரிலேயே தொற்றிக்கொண்டேன். அக்கா மகன் வேலையைக் காரணம் காட்டிக் கழன்றுகொண்டான். மிசௌரியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் எழுபதாம் எண் நெடுஞ்சாலை அது, நானூறு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் அறுவடைக்குக் காய்ந்து நிற்கிற சோயா, சோளம். பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். காருக்குள் துக்கம் விசாரிப்பு நடந்துகொண்டிருந்தது. சில நாட்களுக்கு முன், செப்டம்பர் 23 அன்று, இண்டியானாவின் நோபிள்ஸ்வில்லில் விவசாயிகளுக்கான ‘ஃபார்ம் எய்ட்’ விழாவில் டிலன் முன்னறிவிப்பே இல்லாமல் மேடையேறி, மறைந்த டாம் பெட்டியின் குழுக்காரர்களோடு மூன்று பழைய பாட்டுப் பாடிவிட்டு இறங்கியிருந்தார். கையில் கிட்டாரோடு வேறு. ஒஹையோவிலிருந்து நோபிள்ஸ்வில் சில மணி நேரப் பயணம்தான். தபால்காரர் அன்று வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தாராம். செய்தி வந்தபோது டிலன் மேடையை விட்டே போயிருந்தார். “நாற்பது வருடமாகச் செய்தி சொல்கிறேன். எனக்கு ஒருத்தன் சொல்லவில்லை பார்” என்றார். யாருக்கும் தெரியாது என்று ஆசிரியை எவ்வளவோ சொல்லியும் சமாதானம் ஆகவில்லை.

கன்சாஸ் சிட்டிக்குப் பிறகு பந்தயம் சூடு பிடித்துவிட்டது. அடுத்த ஊரிலும் ஊர்ப் பாட்டு வருமா? வந்தால் எது? செயின்ட் லூயிஸ் என்றால் டபிள்யூ.சி. ஹாண்டி 1914-ல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ இருக்கிறது. ஆனால் சக் பெர்ரி பிறந்து, வாழ்ந்து, 2017-ல் இறந்ததும் அந்தப் பகுதியில்தான். தன்னுடைய ‘சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்’ பெர்ரியின் ஒரு பாட்டிலிருந்து முளைத்தது என்று டிலனே சொல்லியிருக்கிறார். ஆகவே பெர்ரி என்பதில் காரில் ஒருமித்த கருத்து. எந்தப் பாட்டு என்பதில் சண்டை. தபால்காரர் 1964-ஆம் ஆண்டின் ‘நடீன்’ என்றார். ஆசிரியையோ, ‘ஜானி பி. கூட்’ தவிர எதுவாகவும் இருக்கலாம், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாட்டை டிலன் தொட மாட்டார் என்றார். விண்வெளிக்கு 1977-ல் வாயேஜர் கொண்டுபோன தங்கத் தட்டில் இருக்கிற பாட்டு அது. ஊருக்கு இருபது டாலர் பந்தயம், இருபதாம் தேதிக்குப் பிறகு கணக்குத் தீர்ப்பது என்று முடிவானது.

டெல்மார் தெருவில் பெர்ரியின் வெண்கலச் சிலை கிட்டாரோடு குந்தி நடக்கிற தோரணையில் நிற்கிறது. எதிர்ப்புறம் புளூபெரி ஹில் உணவகம். அதன் நிலவறைக் கூடத்தில் எண்பது வயதுக்குப் பிறகும் மாதம் ஒருமுறை வந்து பாடியவர் அவர், மொத்தம் இருநூறுக்கும் மேல். அக்டோபர் 4, புதன்கிழமை மதியம் அங்கே சாப்பிடப் போனால், மேசைக்கு மேசை நாலு ஊர்க்காரர்கள் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அயோவாவிலிருந்து வந்த ஒரு இளைஞன் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வழக்கமாக அப்பாதான் பிள்ளையை இழுத்து வருவார். இந்தக் கூட்டத்தில் தலை நரைக்காதவர்களைப் பார்ப்பது கஷ்டம் என்பதால், எல்லாரும் அந்தப் பையனுக்குப் போட்டி போட்டுக் கதை சொன்னார்கள். கூட்டத்தின் பொறுக்க முடியாத பக்கமும் அங்கேதான் வெளிப்பட்டது. ‘நான் இருநூறு பார்த்துவிட்டேன், நீ?’ என்று எண்ணிக்கையை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறவர்கள். இரண்டாவது கச்சேரிக்கு வந்திருக்கிறேன் என்று சொன்ன பையனிடம் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அரங்கம் ஸ்டைஃபெல் தியேட்டர், 1934-ல் திறந்த தூண்கள் வைத்த கட்டடம். அன்று குரல் நன்றாக இருந்தது. வரிகள் எனக்கே பிடிபட்டன. ‘ஜானி பி. கூட்’ வந்தது. ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். தபால்காரர் ஆறுதலாக அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ‘நடீன்’ வந்தது. தட்டிய கை நின்று, காற்றில் குத்தியது.

அதற்கப்புறம் அவர்கள் சிகாகோவுக்கு ஓட்டினார்கள், நான் ஊர் திரும்பினேன். செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது. சிகாகோவில் ‘பார்ன் இன் சிகாகோ’. 1965 நியூபோர்ட் விழாவில் டிலன் முதன்முதலாக மின்கிட்டாரோடு மேடையேறியபோது பின்னால் வாசித்தவர்களில் சிலர் பால் பட்டர்ஃபீல்ட் குழுக்காரர்கள். அவர்களுடைய முதல் தட்டின் முதல் பாட்டு இது. அதை யாரும் ஊகிக்கவில்லை. இண்டியானாபொலிஸில், இண்டியானாக்காரரான ஜான் மெல்லன்கேம்பின் ‘லாங்கஸ்ட் டேஸ்’. அதையும் யாரும் ஊகிக்கவில்லை. தபால்காரர் அனுப்புகிற செய்தியில் பாட்டு வரிசை இருக்கும், கீழே ஒரு வரி வசவு இருக்கும். ஆசிரியையின் செய்தியில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பதுவரை இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கச்சேரி வரும்.

அக்டோபர் 29, மாண்ட்ரியல். லெனர்ட் கோஹனின் ஊர். அதில் மாற்றுக் கருத்தே இல்லை, கோஹன்தான். தபால்காரர் ‘ஹல்லேலூயா’ என்று நாற்பது டாலராக ஏற்றிக் கட்டினார். காரணம் வலுவானது. 1984-ல் கோஹன் அந்தப் பாட்டை ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ தொகுப்பில் வெளியிட்டபோது யாரும் சட்டை செய்யவில்லை. அமெரிக்கக் கம்பெனி அந்தத் தட்டை வெளியிடவே மறுத்தது. அது உலகப் பாட்டாக ஆவதற்கு வெகு முன்னால், 1988 ஜூலையில், டிலன் அதை மாண்ட்ரியல் மேடையிலேயே பாடியிருக்கிறார். தன்னிடம் அந்த நாடா, இரண்டாம் தலைமுறைப் பிரதி, இருப்பதாகத் தபால்காரர் எழுதியிருந்தார். அதே ஊர், அதே ஆள், முப்பத்தைந்து வருடம். இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

எங்கள் ஊரில் காலை மணி எட்டு இருக்கும்போது ஆசிரியையின் செய்தி வந்தது. டிலன் பாடியது ‘டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்’. ஐந்து நிமிடத்தில் தபால்காரரிடமிருந்து மறுப்பு வந்தது. அதுவும் ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ தொகுப்பில் உள்ள பாட்டுத்தான், தொகுப்பைச் சரியாகச் சொன்னதற்குப் பாதிப் பணமாவது தனக்கு வர வேண்டும் என்று. பந்தயம் பாட்டுக்குத்தான், தொகுப்புக்கு இல்லை என்று ஆசிரியை பதில் போட்டார். நடுவராக என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை.